ஒற்றைத் தும்மல்

என் மனைவி தும்மினால் நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள்ளேயே. இரட்டைப் படையில் நின்றால் வண்டிச் சாவியைத் திருப்புவேன். ஒற்றைப் படையில் நின்றுவிட்டால் இறங்கி வந்து, வீட்டுக்குள் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். இப்படிப் பதினேழு வருடம் எண்ணியிருக்கிறேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில், மெயின்ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். அப்பா நெல் போட்டார். நான் பாதி நிலத்தை விற்று வேன் வாங்கினேன். கோவளம், மாமல்லபுரம் ஓட்டல்களில் ஆள் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், பாண்டிச்சேரி என்று போய்வருவதுதான் பிழைப்பு. ஸ்டியரிங் பிடித்துச் சோறு தின்கிறவனுக்குச் சகுனம் பார்க்கிற புத்தி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல், முன்னால் சூடம் கொளுத்தாமல் எங்கள் ஊரில் எவனும் புது வண்டி எடுத்ததில்லை. கிளம்பும்போது யாராவது ஒற்றையாகத் தும்மினால் ஆகாது, இரட்டையாகத் தும்மினால் பரவாயில்லை என்பதும் எங்களுக்குள் சட்டம் மாதிரி. மற்ற டிரைவர் வீடுகளில் இது எப்போதாவது வருகிற தொல்லை. என் வீட்டில் தினமும் காலையில் வந்தது.

அவளுக்குத் தும்மல் ஒன்றிரண்டோடு நிற்காது. ஏழு, எட்டு, சில நாள் பதினைந்து. கண் இரண்டும் சிவந்து, மூக்கில் தண்ணீராக ஊற்றும். மேல் அண்ணம் அரிக்கிறது என்று நாக்கை வைத்துத் தேய்ப்பாள். தொண்டையில் தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மகள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தை தும்மினால் நூறு வயது இருக்கட்டும் என்று 'நூறு' சொல்வோமே, அதை மகள் திருப்பிச் சொல்வாள். அம்மா தும்மினால் 'நூறு', அடுத்ததற்கு 'இருநூறு', 'முந்நூறு' என்று போய்க்கொண்டே இருக்கும். நான் வண்டியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு மூக்கு மேல் கோபம். ஓட்டலில் ஆள் காத்திருப்பான், இங்கே அம்மாவும் பெண்ணும் ஆயிரத்தைத் தொட்டிருப்பார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கோவளம் திரும்புகிற இடத்தில் பின்சக்கரம் வெடித்தது. உள்ளே பன்னிரண்டு பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று காலை அவள் தும்மியது ஒன்பது. நேரமாகிவிட்டதே என்று தண்ணீர் குடிக்காமல் கிளம்பியிருந்தேன். டயர் மொட்டையாகி மூன்று மாதம் ஆகியிருந்தது என்பதை நான் நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தினேன்.

"இன்னிமே நான் வண்டி எடுக்கசொல்ல நீ முன்னாடி நிக்காத. பின்னாடி போ. உன் தும்மல் சத்தமே என் காதுல வுழக் கூடாது."

"நான் இன்னாய்யா பண்ணுவேன்? வேணும்னா தும்முறேன்?" என்றாள்.

"வேணும்னோ வேணாம்னோ, பின்னாடி போய்த் தும்மு."

மறுநாளிலிருந்து போனாள். நான் இஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போய்விடுவாள். வண்டி ரோட்டில் ஏறியதும் திரும்பி வருவாள். ஒருமுறை நான் போனை மறந்து திரும்பி வந்தபோது அவளைப் பார்த்தேன். துணிக்கொடிக்குக் கீழே நின்றுகொண்டு, முந்தானை நுனியைத் திரி மாதிரி முறுக்கி மூக்குக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இன்னாடி பண்ற?"

"ஏழுல நின்னு போச்சி. இன்னொண்ணு வந்தா சரியாப் பூடும். நீ போ."

அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. டிரைவர்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். ஐயோ, எப்படிப்பட்ட ஆள் நான்!

அந்தக் கொல்லை வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் வெடித்த அதே வருடம்தான் அதை வைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல்குவாரி லாரி போகிற மண்ரோடு, ஒரே புழுதி. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வாசலில் சுவர் எழுப்பியது போலப் பச்சைப் பசேலென்று ஒரு செடி வரிசையைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று நர்சரியில் கேட்டேன். கோனோகார்பஸ் என்றார்கள். "தண்ணி அவ்ளோவா வேணாம் அண்ணாத்த, ஆடு வாய் வைக்காது, ரெண்டு வருசத்துல ஆள் உயரம்" என்றார் நர்சரிக்காரர். முப்பது செடி வாங்கி நட்டேன். ஆள் உயரம் என்ன, இரண்டு ஆள் உயரம் போயிற்று. பொடிப்பொடி உருண்டையாக, பூ என்றே சொல்ல முடியாத ஒரு பூ பூக்கும். கிளையை ஆட்டினால் தூள் பறக்கும். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை நான் தினமும் அனுப்பியது அந்த வேலிக்கு அடியில்தான். துணி காயப்போட்டதும் அதன் பக்கத்தில்தான். எங்கள் தலையணை உறையெல்லாம் அந்தத் தூளில்தான் காய்ந்தது. தும்மல் அதிகமாகிவிட்டது என்று அவள் சொன்னபோது, உடம்பில் சூடு அதிகம், மோர் குடி என்று நான் வைத்தியம் சொன்னேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு உறுத்துவது.

மகள் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை அவளே பார்த்துக்கொண்டது, வேறு சாதி. நான் இரண்டு மாதத்தில் மசிந்துவிட்டேன். அவள் அம்மாதான் ஆறு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு ஒருநாள், "புள்ள மூஞ்சியப் பாக்க முடியல. போய் நாள் பாரு" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். புடவை எடுக்க அவளே நாலு கடை ஏறி இறங்கினாள். ஆனால் அந்த ஆறு மாதம் மகளின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற சமயம் பார்த்து என் மனைவிக்குத் தும்மல் வந்தது. சரியாக ஒன்று. மற்றதையெல்லாம் மூக்கைப் பிடித்து அடக்கிவிட்டாள் பாவம், அந்த ஒன்று தப்பிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா விடவில்லை.

"இன்னா சம்மந்தி, இஷ்டம் இல்லன்னா வாயால சொல்லிடு. இப்டி மூக்கால சொல்லாத."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மெடிக்கல் ஷாப்பில் தும்மலுக்கு மாத்திரை கேட்டேன். சீட்டு எதுவும் இல்லை, நானாகத்தான் கேட்டேன். "தூக்கம் தூக்கமா வரும், இதப் போட்டுகினு வண்டி எடுக்காதீங்க" என்றார் கடைக்காரர். எனக்கில்லை என்று சொல்லி ஒரு அட்டை வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் மனைவிக்கு ஒன்று கொடுத்தேன். விடியற்காலை மண்டபத்தில் ஒன்று கொடுத்தேன். முகூர்த்தம் ஆறுக்கு மேல். மணப்பெண் அறையில் சாம்பிராணி போட்டார்கள், கூடை கூடையாகப் பூ வேறு. உள்ளேயிருந்து தும்மல் சத்தம் கேட்டது. நான் அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன்.

"இன்னும் ரெண்டு போடு."

"இப்பதானேய்யா போட்டேன்? கண்ணச் சொருகுது எனக்கு."

"இன்னிக்கி ஒரு நாள். மேடையில மட்டும் மானத்த வாங்காத. உன் கால்ல வேணா வுழறேன்."

கையை நீட்டினாள். "தண்ணி குடு" என்றாள். இரண்டையும் சேர்த்து விழுங்கினாள்.

மேடையில் ஒரு தும்மல் இல்லை! கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது, அட்சதை மழையாகக் கொட்டியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாப்பிள்ளையின் பெரியம்மாவைத் தேடிப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன்.

மதியம் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். நான் பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி சுவரைப் பிடித்தபடி மெல்ல வந்து என் சட்டையை இழுத்தாள்.

"தாலி எப்பய்யா கட்டுவாங்க?"

அவளுடைய வலது கை மூடியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே அட்சதை அப்படியே இருந்தது, மஞ்சள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. ஒரே மகள். அந்தக் கல்யாணத்தைப் பெற்றவள் நேரில் நின்றும் பார்க்கவில்லை. நான் பார்க்க விடவில்லை.

ஆடிக்கு மகளை அழைத்து வந்தோம். கல்யாண வீடியோவை டிவியில் போட்டாள். தாலி கட்டுகிற இடத்தில் நிறுத்தினாள். சுற்றி எல்லோருடைய கையும் மேலே போயிருக்கிறது. அவள் அம்மாவின் கை மட்டும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்வை மகள் மேல் இல்லை, எங்கோ இருக்கிறது.

"எல்லாரும் போட்டாங்க. நீ மட்டும் ஏம்மா போடல?" என்றாள் மகள்.

"போட்டேன்டி. கூட்டத்துல தெரியல."

"தெரியுதே. கை மூடிகினுதான கீது."

"அசதிடி. ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல."

மகள் எழுந்தாள். டிவியை அணைத்துவிட்டுப் பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் அங்கேயேதான் இருந்தேன். ஒரு வார்த்தை போதும். மாத்திரையை நான்தான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு யாரோ போனில் கூப்பிடுவது போல எழுந்து வெளியே போனேன்.

மகள் போன பிறகு மனைவி சொன்னாள், "நீ ஒண்ணும் அதுகிட்ட சொல்லிகினு இருக்காத. எம்மேல கோவம்னா நாலு நாள்ல பூடும். அப்பன் மேலயும் கோவம் வந்தா இந்த வூட்டுக்கு வரவே வராது." அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. மனைவியின் பேச்சை அவ்வளவு அக்கறையாக நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நாலு நாளில் போகவில்லை. மகள் எனக்குத்தான் போன் செய்வாள். "அம்மா எப்டி கீது?" என்று என்னிடமே கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். இவள் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருப்பாள், போன் தன் கைக்கு வரும் என்று.

அடுத்த வருடம் மனைவிக்குக் காது அடைத்துக்கொண்டது, மூச்சில் விசில் சத்தம் வந்தது. அப்போதுதான் செங்கல்பட்டில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "இது சளி இல்ல, சூடும் இல்ல. அலர்ஜி. எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார். மனைவி கணக்குச் சொன்னாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்தேன்.

தும்மல் மாத்திரை எதையும் சில நாள் தொட வேண்டாம் என்று சொல்லி, பிறகு வரவழைத்து, முன்கையில் தூசி, பூத்தூள் என்று ஒவ்வொன்றின் சாற்றையும் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசி நுனியால் குத்திப் பார்த்தார்கள். வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குத் தடித்தது. எங்கள் கடற்கரைப் பக்கமெல்லாம் நிற்கிறதே சவுக்கு, அதன் பூத்தூளுக்கும் தடித்தது. பூத்தூள் உள்ளே போனதும் உடம்பு அதை விரோதி என்று நினைத்துக்கொண்டு விரட்டப் பார்க்கிறது, அந்த விரட்டல்தான் தும்மல் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"எந்த இடத்துக்குப் போனா அதிகமா வருது?"

"பின்னாடி, கொல்லையில."

"அங்க என்ன இருக்கு?"

"வேலி. கோனோகார்பஸ்."

"அந்தச் செடி இந்த டெஸ்ட்ல இல்ல. அதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பூக்கிற செடிகிட்ட முகத்தக் கொண்டுபோய் வைக்காதீங்க. தினமும் அங்க எதுக்குப் போறீங்க?"

மனைவி என்னைப் பார்க்காமலேயே, "துணி காயப்போட" என்றாள்.

இதற்கு முன் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோதும் சொன்னாள். ஒரே காலையில் மூன்று என்றதும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு கொடுத்தா அப்படி?" என்றார். "நானாத்தான் போட்டேன்" என்றாள் என் மனைவி. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் வாய் திறக்கவில்லை.

மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே கொடுத்தார்கள். தலையை லேசாகக் குனிந்து, நடுத்தண்டில் படாமல், காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். மூன்று நாள் அடித்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் தூக்கி வைத்துவிட்டாள். தினமும் விடாமல் அடித்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும் என்று டாக்டரம்மா திட்டி அனுப்பினார். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவுவது, தலையணை உறையை வெந்நீரில் துவைப்பது, துணியை வீட்டுக்குள் காயப்போடுவது, பூக்கிற காலத்தில் காலையில் ஜன்னலைச் சாத்தி வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டோம். முழுசாகப் போய்விடாது, அடக்கி வைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாதத்தில் பதினைந்து தும்மல் மூன்றாகக் குறைந்தது. இவ்வளவுதானா, இதற்கா பதினேழு வருடம் என்று நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வேலியை நானே வெட்டினேன். அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கோடரியால் வெட்டினேன். மூன்றாவது செடியிலேயே எனக்கும் தும்மல் வந்தது. ஒன்று. ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது, "உக்காரு. தண்ணி குடிச்சிட்டு வெட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலி போனது, தும்மலும் அடங்கியது. ஆனாலும் நான் இஞ்சினைக் கிளப்பினால் கொல்லைக் கதவு திறக்கும். வேண்டாம் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். "பழகிப் போச்சிய்யா, கால் தானாப் போவுது" என்கிறாள்.

போன தை மாதம் மகள் பொத்தேரியில் புது பிளாட்டில் பால் காய்ச்சினாள். பெண்ணின் அம்மாதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். மகளும் வந்து, "வாம்மா" என்றாள். முறைக்குக் கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது, ஆனால் கூப்பிட்டாள். இவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலையில் என்னிடம், "அந்தத் தூக்க மாத்திரை ஒண்ணு போட்டுக்கட்டா?" என்று கேட்டிருந்தாள். வேண்டவே வேண்டாம் என்றிருந்தேன். அதையாவது சரியாகச் செய்தேன்.

புது பெயிண்ட் வாசனை, ஓமப் புகை. அடுப்பைப் பற்ற வைத்தாள், பாலை ஏற்றினாள். பால் நுரை கட்டி மேலே வரும்போது தும்மினாள். பலமாக ஒன்று.

அந்தச் சமையலறையில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பெரியம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை. வெடுக்கென்று திரும்பி அவளை முறைத்தது நான் ஒருத்தன்தான். நினைத்துச் செய்யவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டடி பின்னால் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டு, பட்டு முந்தானை நுனியை முறுக்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றாள் மகள்.

"இரு. இன்னொண்ணு வந்துட்டா சரியாப் பூடும்."

மகள் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது, எங்கள் மூன்று பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மகள் என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்துப் படிக்கட்டு, இரண்டு மாத்திரை, பந்தியில் அவள் அம்மா கேட்டது, மூடியிருந்த கை, எதையும் விடவில்லை. அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். கைப்பிடிக் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

"ரெண்டு வருசமா நானா அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணலப்பா. ஆசீர்வாதம் பண்ணப் புடிக்காமதான் கைய மூடிகினு நின்னுச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே என் மனைவி தும்மும் சத்தம் கேட்டது. மகள் உரக்க, "நூறு" என்றாள். நான் அதற்கு முன்பே ஒன்று என்று எண்ணியிருந்தேன்.